எவன் கையில் வண்டி நிற்கிறதோ

முனேந்திராவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவினேஷ் ஒருபக்கமாகப் பேசுகிறான் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். ஒருபக்கமாகத்தான் பேசப் போகிறேன்.

அவன் எனக்குச் சகலை. என் மனைவி ரோஷ்ணியின் அக்கா சரிதாவைக் கட்டியவன். எங்கள் ஊர் லம்பாசாவில் மாமியார் ராம்ரதிக்கு ஒரு டாக்ஸி உண்டு. மாமனார் வைத்துவிட்டுப் போன ஒரே பெர்மிட், ஒரே பழைய ஜப்பான் வண்டி. காலையில் சர்க்கரை மில் சங்கு ஊதினால் வண்டி என்னுடையது. சாயங்காலம் சங்கு ஊதினால் அவனுடையது. எங்கள் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து, நிலத்துக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு எனக்கு மிச்சமிருந்த பிழைப்பு இந்த ஸ்டியரிங் ஒன்றுதான். அது போனால், ஊரான் நிலத்தில் கத்தியைத் தூக்கிக்கொண்டு கரும்பு வெட்டப் போக வேண்டும், அதுவும் இந்த முதுகை வைத்துக்கொண்டு.

முனேந்திரா வண்டியைக் கொடுக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். பெட்ரோல் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். காலையில் முதல் சவாரியை ஏற்றிக்கொண்டு நேராகப் பெட்ரோல் பங்க்குக்குப் போக வேண்டும். ஏறினவன் முணுமுணுப்பான். காலடியில் கடலைத் தோல். கண்ணாடி கழுவுகிற தண்ணீர் ஒரு சொட்டு இருக்காது. நானும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பின் டயரில் ஆணி ஏறியதைப் பார்த்தேன், காற்று மெதுவாகத்தான் இறங்கியது, அப்படியே கொடுத்துவிட்டேன். நடுவழியில் மழையில் அவன் ஜாக்கி போட்டதாகக் கேள்விப்பட்டபோது இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இரண்டு பேரும் மாற்றி மாற்றி அத்தையிடம் போய்ச் சொல்வோம். அத்தை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறாள், டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரிலேயே. ஒருநாள் தராசைக் கீழே வைத்தாள்.

"தினம் ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வந்து கோள் சொல்றீங்க. நான் கத்திரிக்கா விக்கறதா, பஞ்சாயத்துப் பண்றதா? இனிமே ஒரே சட்டம். எவன் கையில வண்டி நின்னு போவுதோ, அவன் இறங்கிடணும். மத்தவன் பகலும் ராவும் அவனே ஓட்டிக்கட்டும்."

இப்படிச் சொன்னால் ஆளுக்கு ஆள் பயந்துகொண்டு வண்டியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். கத்திரிக்காயை எடை போடத் தெரிந்த அளவுக்கு மாப்பிள்ளைகளை எடை போடத் தெரியவில்லை.

கரும்பு வெட்டு ஆரம்பித்து, லாரிகள் மில் வாசலிலிருந்து பாலம் வரை வரிசை கட்டி நின்ற சமயம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிழவர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் சிவப்பாக ஒரு விளக்கு மினுக்கியது. மூக்கு வைத்த கெண்டி மாதிரி, நுனியில் ஒரு சொட்டு. எஞ்சினுக்குள் ஆயில் சரியாக ஏறவில்லை, வண்டியை உடனே நிறுத்து என்று அதற்கு அர்த்தம். லைசென்ஸ் வாங்காத பையனுக்குக்கூடத் தெரியும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தேன், அணைந்துவிட்டது. அணைந்ததால் நோய் தீர்ந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் சீக்கிரமே ஸ்டாண்டுக்கு வந்து, ஈரப்பலா மரத்தடியில் வண்டியை அணைத்துப் போட்டு ஆறவிட்டேன். எஞ்சின் ஆறியிருந்தால் அந்த விளக்கு காட்டிக்கொடுக்காது. சாவியைப் போட்டால் எல்லா விளக்கும் எரிந்து, கிளப்பினதும் ஒழுங்குப் பிள்ளைகளாக அணைந்துவிடும். சூடு ஏறினால்தான் சனியன் வெளியே வரும். முனேந்திரா வந்தான், கிளப்பினான், போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் அவன் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தான். வண்டியைக் கழுவி வைத்திருந்தான். தன் கல்யாணத்துக்கே ஒழுங்காகக் குளித்தானோ என்னவோ, அவன் டாக்ஸியைக் கழுவியிருந்தான். பானெட்டின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அவனும் பார்த்துவிட்டான் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

ரோஷ்ணியிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"ஒரு டப்பா ஆயில் வாங்கி ஊத்தினா என்ன கொறைஞ்சு போயிடுவ?" என்றாள்.

"பானெட்டைத் திறந்தா ஸ்டாண்டுல நாலு பேரு பாப்பான். அவினேஷ் கையிலதான் வண்டிக்கு நோவு வந்துச்சுன்னு அவன் போய் அத்தைகிட்ட ஓதிடுவான்."

"நம்ம வாசல்ல வச்சு ஊத்து. இங்க எந்த ராஜா வந்து பாக்கப் போறாரு?"

"நான் ஊத்துற ஆயில்ல ராத்திரி பூரா அவன் ஓட்டுவான். அவனுக்கு நான் எதுக்கு ஊத்தணும்? இந்தத் தடவ சர்வீஸ் அவன் முறை. அவன் விடட்டும்."

"தன் மூக்கு அறுந்தாலும் பரவால்ல, எதிரிக்குச் சகுனத் தடை ஆகணும். நல்ல குடும்பம்."

"அவன் உன் அக்கா புருஷன். என் குடும்பத்துல சேக்காத."

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் சொன்னதில் என்ன தப்பு?

அதற்குப் பிறகு அந்த வண்டிக்குக் கிடைத்த ராஜ மரியாதை வேறு எந்த வண்டிக்கும் கிடைத்திருக்காது. பள்ளம் கண்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு போகாத குறை. மேட்டில் பஸ்கூட எங்களை முந்திக்கொண்டு போகும். 'இந்த டிரைவர் நிதானமானவர்' என்று டீச்சரம்மா ஒருத்தி என்னைத் தேடி ஏறினாள். நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு காலால் பிரேக்கையும் இன்னொரு காலால் ஆக்ஸிலேட்டரையும் மிதித்துக்கொண்டு விளக்கு எரியாமல் பார்த்துக்கொண்டேன். அவளே ஒருநாள் கேட்டாள், "அது என்ன டிரைவர், செவப்பா எரியுது?" ரேடியோவுக்கு என்று சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். எஞ்சின் உள்ளே இருமத் தொடங்கியிருந்தது. முனேந்திராவும் ரேடியோவைச் சத்தமாக வைத்தே திருப்பிக் கொடுத்தான்.

கடைசி நாளன்று சவுசவு ஊருக்குப் போகிற ரோட்டில் மலை ஏற ஒரு சவாரி. வேண்டாம் என்று சொல்ல முடியாது, அத்தையே மார்க்கெட்டிலிருந்து அனுப்பிவைத்த ஆள். ஏறும்போது தாங்கியது. ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது அந்தக் கெண்டி எரிந்தது. மிதித்துப் பார்த்தேன், அணையவில்லை. இன்னும் மிதித்தேன், அப்போதும் அணையவில்லை. உள்ளேயிருந்து டக் டக்கென்று சுத்தியலால் தட்டுகிற சத்தம். அங்கேயே ஓரங்கட்டி நிறுத்தியிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும், நான் பிழைத்திருக்க மாட்டேன். சட்டம் அப்படி. ஓட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். எனக்காகக்கூட இல்லை, அவன் பகலும் ராவும் ஓட்டிக்கொண்டு என் வீட்டு வாசல் வழியாக ஹாரன் அடித்துப் போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஸ்டாண்டை அடைந்தேன். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று தெரியும். அணைக்காமல் இறங்கி, கதவைத் திறந்தே வைத்தேன். முனேந்திரா பெஞ்சில் உட்கார்ந்து, டிரைவர்களோடு அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்கண்ணே, வண்டி ரெடி."

"என்ன தம்பி, ஓடவிட்டுட்டு எறங்கற? பெட்ரோல் உங்கப்பன் வீட்டுதா?"

"ஏசி ஓடட்டும்னு விட்டேன். நீங்க வேர்க்க விறுவிறுக்க உக்காருவீங்களே."

"அடேயப்பா, என் மேல இம்புட்டுப் பாசம் எப்பத்துலேர்ந்து?" அவன் பெஞ்சை விட்டு அசையவில்லை. "இன்னும் சங்கு ஊதல. அதுவரைக்கும் உன் வண்டி. போ, மார்க்கெட்டைச் சுத்தி ஒரு ரவுண்டு போய்ட்டு வா."

பக்கத்தில் ஐசேயா இருந்தான். ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர், ஆள் மலை மாதிரி இருப்பான். அவன் காதைத் திருப்பினான்.

"என்னய்யா சத்தம் அது?"

"டயர்ல கல்லு மாட்டியிருக்கு," என்றேன்.

"வண்டிதான் நிக்குதே. நிக்கற டயர்ல கல்லு எப்படிய்யா தட்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். முனேந்திரா சிரிக்கவில்லை. அவன் கண் திறந்த கதவு வழியாக அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி பார்த்தோம்.

அப்போது மில் சங்கு ஊதியது. அந்தச் சத்தம் என் காதில் மங்கள வாத்தியமாக விழுந்தது.

"ஊதிடுச்சு. இனி உங்க வண்டி."

"நான் உக்காந்தாத்தான் என் வண்டி."

"அத்தை சங்கைச் சொன்னாங்க. உங்க குண்டியைச் சொல்லல."

"மரியாதையாப் பேசு. சாவி யாரு போட்டது? நீ போட்டது. நீ போட்ட சாவியில ஓடற வரைக்கும் உன் வண்டி."

"அப்ப நேத்துக் காலையில நீங்க ஓடவிட்டே குடுத்தீங்களே, அது யாரு வண்டி?"

"அது நேத்து."

இப்படியே போயிற்று. சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. யாரோ குடித்துக்கொண்டிருந்த காவாச் சட்டியைக்கூடப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். சத்தம் கூடிக்கொண்டே போனது. பானெட் இடுக்கில் புகை கசிந்தது.

ஐசேயா பொறுக்க முடியாமல் எழுந்தான். "பைத்தியங்களா, எஞ்சின் சாவுதுடா. அணைங்கடா முதல்ல." கதவுக்குள் கையை விட்டான்.

"தொடாத!"

இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனும் நானும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான். ஐசேயா கையை எடுத்துக்கொண்டான். நான் எட்டி ஒரு விரலால் சாவியைத் திருப்பியிருக்கலாம். திருப்பினவன் கையில் வண்டி நின்றதாக ஆகிவிடும். அவனுக்கும் அதே எண்ணம். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

உள்ளே மடேரென்று என்னவோ முறிந்தது. வண்டி ஒரு தடவை குலுங்கி நின்றுவிட்டது. ஏசி ஓய்ந்தது. முன்னால் இருந்த எல்லா விளக்கும், சிவப்பும் மஞ்சளுமாக, ஒன்றாக எரிந்தன.

அத்தை கடையை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்தாள். புகையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். குனிந்து விளக்குகளைப் பார்த்தாள்.

"சங்கு ஊதின பிறகுதான் நின்னுச்சு அத்தே. அவரு கையில," என்றேன்.

"நான் தொடவேயில்ல அத்தே. வண்டி அவன் சாவியிலதான் ஓடிட்டு இருந்துச்சு," என்றான் அவன்.

"அதை நான் கேக்கல." அவள் குரல் ஏறவில்லை. "இந்தச் செவப்பு வெளக்கு எத்தனை நாளா எரியுது?"

"என் ஷிப்டுல எரியவே இல்ல அத்தே," என்றான் முனேந்திரா. அவன் சொல்லி முடிப்பதற்குள் நானும் அதையே சொன்னேன்.

"ஒருநாள்கூட பாக்கல?"

"இல்ல அத்தே."

"நீயும் பாக்கல?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"சத்தியமா இல்ல அத்தே."

அத்தை தலையை ஆட்டினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பார்த்தும் வாயைத் தொறக்காத கழுதையா இருந்தா, ரெண்டு போட்டுத் திட்டி வேலைக்கு வச்சுக்கலாம். கண்ணு முன்னால எரியற வெளக்கு தெரியாதவன்கிட்ட எப்படி மாப்பிள்ளே வண்டியக் குடுக்கறது? நாளைக்கு எதிர்ல வர்ற கரும்பு லாரியும் தெரியாது. ஏத்திட்டுப் போறது ஊரான் புள்ளைங்களை."

சொல்லிவிட்டு உடனே போய்விடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை போதும். 'பார்த்தேன் அத்தே' என்றால் போதும், வேறு எஞ்சின் வைத்ததும் ஸ்டியரிங் என் கைக்கு வந்துவிடும். என் பிள்ளைகள் முகமெல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

முனேந்திராவின் வாய் ஏற்கெனவே பாதி திறந்திருந்தது. அவனும் அதைச் சொல்லத்தான் திறந்தானா, இல்லை நான் சொன்னதும் 'பாத்தீங்களா அத்தே, தெரிஞ்சேதான் என்கிட்ட தள்ளியிருக்கான்' என்று என்மேல் பாயத் திறந்தானா, தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அவனும் மூடிக்கொண்டான்.

அத்தை குனிந்து சாவியை உருவி எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து கடைக்குப் போய்விட்டாள்.