சீமாட்டிக்கு நாடி இறங்கவில்லை

லாயத்தில் லத்தி அள்ளுவதும் தீனி வைப்பதும் என் வேலை. குதிரை மேல் உட்காருவது முதலாளி வேலை. அவர் குளியலறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொள்ளவே, நாற்பது கிலோமீட்டர் நெடுந்தூரப் போட்டிக்கு என்னை ஏற்றிவிட்டார். அதுவரை என் சவாரியெல்லாம் லாயத்திலிருந்து மேய்ச்சல் வரைக்கும்தான்.

"ரெண்டு தடவை நாடி இறங்காம போட்டியிலேர்ந்து வெளிய வந்துட்டா சீமாட்டி. இந்தத் தடவையும் அப்படின்னா வித்துடறேன். சும்மா தின்னுட்டு நிக்க லாயத்துல நீ ஒருத்தன் போதும்" என்றார்.

சீமாட்டி என்பது அந்தக் குதிரைக்கு நான் வைத்த பெயர். வாளி கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளை விற்பதென்றால் என் வீட்டில் ஒரு ஆள் குறைவது மாதிரி.

இந்தப் போட்டியில் முந்தி வருவது பெரிய விஷயமில்லை. வந்து சேர்ந்த குதிரையை டாக்டர் பார்ப்பார். அரை மணிக்குள் நாடி அறுபத்து நாலுக்கு இறங்கணும், நொண்டாமல் ஓடிக் காட்டணும். இல்லாவிட்டால் ஓடியது அத்தனையும் வீண். தண்ணீர் ஊற்றிவிட ஒரு துணையாள் வேண்டுமென்று என் மனைவியைக் கூட்டிப்போனேன்.

மற்றவர்கள் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி போனார்கள். நான் சல்லடையில் விழுந்த கடலையாக எகிறிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் என்னைக் கடக்கும்போது, "அண்ணே, காலை ஊனி எழும்புங்க, குதிரை முதுகு பாவம்" என்றாள். என் முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பாதி வழியில் ஒரு பரிசோதனை. இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூட்டை சரிகிற மாதிரி சரிந்தேன். மனைவி என்னை நிழலில் உருட்டிவிட்டு, சீமாட்டியைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "அவ தேறிட்டா. உங்களைத்தான் யாராவது பார்க்கணும்" என்றாள்.

மிச்ச இருபதும் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். கடைசி ஆளாக வந்து சேர்ந்தோம். இந்தத் தடவை நானே பக்கத்தில் இருக்கவேண்டுமென்று காலை அகட்டி அகட்டி நடந்து அவளைக் கூட்டிப்போனேன்.

டாக்டரிடம் காட்டுமுன் நாமே பார்த்துக்கொள்ள முதலாளி ஒரு கருவி தந்திருந்தார். மனைவி அதை சீமாட்டியின் நெஞ்சோரம் வைத்தாள்.

"எண்பது."

தண்ணீர் ஊற்றினோம். "ஒண்ணுமில்லடி தாயி" என்று காதோடு பேசினேன். எண்பத்து நாலு. இன்னும் ஒட்டி நின்று நெற்றியைத் தேய்த்துவிட்டேன். தொண்ணூறு. ஊன்றுகோலோடு நின்ற முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாங்க யார் வருவார்கள் என்று யோசிக்கிறார் போல.

மனைவி என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளிப் போங்க."

"இந்த நேரத்துலயா? நான் இருந்தாத்தான் இவ அடங்குவா."

"அவ மூக்கைப் பாருங்க, உங்க கையையே மோந்துக்கிட்டு இருக்கா. உங்க தலையைக் கண்டா பின்னாடியே வாளி வரும்னு பழகினவ. தீனி வருதுன்னு துடிக்கிற நெஞ்சு எப்படி இறங்கும்? பாதி வழியில நீங்க விழுந்து கிடந்தீங்க, அது பாட்டுக்கு இறங்கிடுச்சு. கண்ணுல படாம போங்க."

குதிரையை ஏற்றிவந்த வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். உட்கார முடியாததால் நின்றுகொண்டே ஒளிந்தேன். என் வாசனைகூட அந்தப் பக்கம் போகக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதனால் என்ன பயனோ தெரியாது.

ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் டாக்டரம்மாவின் குரல்: "அறுபத்திரண்டு. ஓடிக் காட்டுங்க."

மனைவியின் செருப்புச் சத்தமும் குளம்புச் சத்தமும் போய்த் திரும்பின. குளம்பு சீராகத்தான் விழுந்தது. செருப்புதான் நொண்டியது.

"தேறியாச்சு."

பாய்ந்து வெளியே வரப் பார்த்தேன். முதலாளி ஊன்றுகோலை நீட்டி மறித்தார்.

"போன ரெண்டு தடவையும் நாடி பார்க்கையில அவளைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

"நான்தாங்க."

ஊன்றுகோலை இறக்கினார். "சரி, அவ இருக்கட்டும். வித்தா உன்னைத்தான் விக்கணும்."

"யாரு வாங்குவா?" என்றாள் என் மனைவி, அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.