கால் எட்டாத நாற்காலி

கலை வடிவமைப்புத் துறை விரிவுரையாளர் வகுப்பில் காற்றில் வரைந்து காட்டிய நாற்காலி, அவர் வி.ஆர். என்னும் மெய்நிகர்க் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் அங்கேயே நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதலில் கண்டுபிடித்தது பெருக்க வந்த அக்காவின் முழங்கால். அக்கா முதுகுப் பலகை வரை தடவிப் பார்த்துவிட்டு, "வரையிறதுதான் வரையிறீங்க, ஓரமா வரையக் கூடாதா மேடம்?" என்று கடிந்துகொண்டார். விரிவுரையாளர் நகர்த்திப் பார்த்தார், அசையவில்லை. அழித்துவிடலாம் என்று மறுபடி கண்ணாடியை மாட்டினால் உள்ளே நாற்காலியைக் காணோம். வெளியே வந்துவிட்டதை உள்ளே தேடி என்ன பயன்? மாணவர்கள் இரண்டே நாளில் அதில் பை மாட்டப் பழகிக்கொண்டார்கள்.

விரிவுரையாளருக்கு உறுத்தியது வேறு விஷயம். எது தரை என்று கருவிக்குக் காட்டும்போது, கையில் பிடித்து வரையும் கைப்பிடியைத் தரையில் வைக்காமல் காலடியில் கிடந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துவிட்டார். கருவியும் அதுவே தரை என்று நம்பிவிட்டது. அதனால் நாற்காலி தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. முதல் பாடத்தில் சொல்லித் தருவதிலேயே கோட்டை விட்டதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

இதற்கிடையில் அறைக்கே ஆபத்து வந்தது. கணக்கியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. நாலு கண்ணாடிக்கும் காற்றுக்கும் எதற்குத் தனி அறை என்று யாரோ கல்லூரி முதல்வர் காதில் போட்டிருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அறை, அது போனால் பாடமே போய்விடும். விரிவுரையாளருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மதியம் முதல்வர், அளவு நாடாவோடு கணக்கியல் துறைத் தலைவரையும் கூட்டிக்கொண்டு சாவி வாங்க வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இங்க தொட்டுப் பார்க்கன்னு ஒரு பொருளாவது இருக்கா?" என்று முதல்வர் சாவிக்குக் கை நீட்டியபடியே அலுப்போடு பின்னால் சாய்ந்தார். நாற்காலி அவரைத் தாங்கிக்கொண்டது. தடவிப் பார்த்தார், எக்கி ஏறி உட்கார்ந்தார். கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. பிறகு நரைத்த மீசைக்காரரான முதல்வர் வலது காலை மெல்ல ஆட்டினார். இடது காலையும் ஆட்டினார். கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி ஆட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து வயதுக்குப் பிறகு அவர் கால் எங்கேயும் தொங்கியதில்லை. கணக்கியல்காரர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்து தன் முறைக்கு நின்றார்.

"சார், உயரம் என் தப்புதான். தரையில நிக்கிற மாதிரி வேற வரைஞ்சு தர்றேன்."

"வேணாம்மா. இதுல மட்டும் கை வச்சுடாதீங்க."

விரிவுரையாளர் அன்று இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

சாவியை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. சில வருடங்களில் கணக்கியல் துறை நடைவழியிலும் நூலகத்திலும் முதல்வர் அறை வாசலிலும் அப்படிப்பட்ட நாற்காலிகள் வந்தன. ஒரு சாண் இடைவெளியில் துடைப்பம் தடையில்லாமல் போவதால் அக்காவுக்கும் குறை இல்லை. புதிதாக வேலைக்குச் சேரும் விரிவுரையாளர்களுக்கு முதல் நாளே அந்த அட்டைப்பெட்டியைக் காட்டி, தரை இதுதான் என்று சொல்லிவிடுகிறார்கள்.