உங்க இஷ்டம்

மெக்கானிக்கின் மனைவி “உங்க இஷ்டம்” என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்ற பழைய காரின் கார்புரேட்டர் பொங்கி வழிந்தது. இன்ஜின் அணைந்திருந்தாலும் வழிந்தது. கல்யாணமான புதிதில் பழைய இரும்புக் கடையிலிருந்து இருவருமாக மீட்டு வந்த கார் அது. இன்ஜினை அவன் பிரித்துச் சேர்த்தான், சீட்டுகளை அவள் தைத்தாள். ஸ்டியரிங்கை மட்டும் அவன் யாரிடமும் விட்டதில்லை.

முதலில் பழியைப் புது எலெக்ட்ரிக் பம்ப்பின் தலையில் போட்டான். பழைய கார்புரேட்டருக்கு பெட்ரோல் மெல்ல வந்தால் போதும். பம்ப் முட்டித் தள்ளினால், மிதவை உயர்ந்து ஊசி வால்வு வழியை அடைத்தாலும் பெட்ரோல் அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆகவே அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் வைத்தான், அதைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு மீட்டரும் பதித்தான். வால்வை மாற்றினான், மிதவையின் ஓட்டையைப் பற்றவைத்தான். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனார்கள். மீட்டர் முள் அடக்க ஒடுக்கமாக நிற்கும். அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னதும் எகிறும். அவன் தன் அம்மாவைக் கோடை முழுக்கத் தங்க அழைத்தபோது தெருவே பெட்ரோல் நாறியது. யாரும் ஆச்சரியப்படவில்லை; அந்தப் பக்கம் சிகரெட் பற்றவைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் காலை, நெருப்புக்குப் பயந்து காரை விற்கப்போவதாகச் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டே, “உங்க இஷ்டம்” என்றாள். பெட்ரோல் ஷெட் வாசல்வரை ஓடியது. பேட்டரி வயரைப் பிடுங்கியும் நிற்கவில்லை. அவன் அவளிடம் ஓடிவந்தான்.

“எனக்கென்ன இஷ்டமா அத விக்க? உனக்கு என்னதான் வேணும், வாய விட்டு சொல்லித் தொலையேன்!”

“சாவி,” என்றாள். “எத்தன வருஷமா பக்கத்து சீட்லயே உக்காந்து வர்றது?”

ஷெட்டில் சொட்டும் சத்தம் நின்றது. தரையைக் கழுவிக் காயவிட்டு, மதியம் அவளே வண்டியை எடுத்தாள். பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றிருந்தாள். பக்கத்து சீட்டில் அவனுக்கு, இல்லாத பிரேக்கை மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். கடைத்தெரு தாண்டியதும் முள் மறுபடி எகிறியது. அவள் ஓரங்கட்டினாள். மீட்டரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

“இது என்னோடது இல்ல, உங்களோடது. சொல்லுங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளை எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நேரத்தில் அவனுக்கே தாங்க முடியாததாக இருந்தது.

“என்ன விட நல்லாத்தான் ஓட்டுற,” என்றான்.

முள் இறங்கி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. அவள் கியரைப் போட்டாள். வீடு வரைக்கும் ஒரு சொட்டு சிந்தவில்லை.