மருந்து அடைத்த வீடு

வீட்டில் சொன்னார்களே என்றுதான் சுகிர்தா பி.எட். சேர்ந்தாள். காரியாபட்டிக்காரி, பட்டாசைத் தீபாவளிக்கு மட்டுமே பார்த்தவள். கல்லூரியின் சமூகப் பணிக்காகச் சாத்தூர் பக்கத்து ஊரொன்றில் மாலை வகுப்பு எடுத்துவந்தாள். ஏழாம் வகுப்பு அழகுமீனா திடீரென்று வராமல் போகவே, விசாரிக்க அவள் வீட்டுக்குப் போனாள். சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள்.

"டீச்சர், அங்கனயே நில்லுங்க! உள்ள வராதீக!" மீனாவின் அம்மா செல்லத்தாய் அலறினாள்.

தரை முழுக்கக் காகிதக் குழாய்கள். நடுவில் மீனா உட்கார்ந்து அவற்றில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். கையிலும் மடியிலும் வெள்ளிப் பொடி. தொட்டிலில் தம்பி தூங்கினான். அதே அறையின் மூலையில் கேஸ் அடுப்பு.

போன மாதம் அடுத்த ஊரில் இப்படித்தான் ஒரு வீடு வெடித்து, இருந்த இடம் தெரியாமல் போனது. சுகிர்தாவின் பையில் கைபேசி அலறியது. அவள் தெருவில் இறங்கி ஓடினாள். வேப்பமரத்தடியில்தான் நின்று திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியே மீனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் இடித்தது.

கைபேசியை அணைத்து, பையை மரத்தடியிலேயே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். வாசலில் நின்றாள்.

"மீனா, மெதுவா எந்திரிச்சு வா. அக்கா, பிள்ளையத் தூக்கிட்டு வாங்க."

"சாயங்காலம் ஆர்டர் குடுக்கணும் டீச்சர்."

"இடி விழுந்தா யாருக்குக் குடுப்பீக? வாங்கக்கா!"

மீனா முதலில் எழுந்தாள். பின்னாலேயே செல்லத்தாயும் பிள்ளையோடு வந்தாள்.

"வெளிய சொல்லிருவீகளா?"

"சொல்லித்தான் ஆகணும்க்கா."

"என்னையத்தான் பிடிப்பாக. மருந்து குடுத்தவன் வாசலுக்குக்கூடப் போக மாட்டாக."

அப்படியே நடந்தது. அதிகாரிகள் மருந்தை அள்ளிப் போனார்கள். செல்லத்தாயை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், பிறகு ஜாமீனில் விட்டார்கள். அதன்பின் அவள் சுகிர்தாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீனா வகுப்புக்கு வந்தாள்; கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"அந்த ஊரே வேண்டாம், கிளம்பி வந்துரு" என்றார் சுகிர்தாவின் அப்பா போனில்.

"வரலப்பா. இந்தப் பிள்ளைகளை விட்டுட்டு வர முடியல."

ஒரு மாலை மீனாவின் இடம் காலியாகக் கிடந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு சுகிர்தா தெருவுக்கு ஓடினாள். தெருக்குழாயடியில் மீனா நின்றிருந்தாள்.

"இப்பத்தான் தண்ணி வந்துச்சு டீச்சர்."

சுகிர்தா மூச்சு வாங்கினாள். நிறைந்த குடம் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நட, கொண்டுபோய் வச்சிட்டு வகுப்புக்குப் போவோம்" என்றாள்.