இருபத்துநாலு கண்ணி

வேலைச் சீட்டில் 'நின்றுவிட்டது' என்று எழுதியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் பட்டறையிலிருந்து போன கடிகாரம் தொலையும், புருஷன் பெண்டாட்டி சண்டையில் சுவரில் போய் அடிக்கும், ஆனால் தானாக நிற்காது.

அது பெண்கள் கட்டும் நகைக் கடிகாரம். முகப்பு சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மீதி எல்லாம் செயின். வெள்ளைத் தங்கத்தில் இருபத்துநாலு கண்ணி, கண்ணிக்கு ஒரு சதுர நீலக்கல். உள்ளே ஓடும் மிஷினை வேறொருவர் பார்த்துக்கொண்டார். செயின் என் கைவேலை. அறுத்து, அராவி, ஒவ்வொரு கண்ணிக்கும் கீல் வைத்து, கல் பதித்து முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. மேஜை மேல் விட்டால் சத்தம் போடாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஆறு வருடம் கழித்தும் அப்படியேதான் படுத்தது.

லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் நேரம் திருத்தும் திருகை யாரோ வெளியே இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதை இழுத்தால் எந்தக் கடிகாரமும் நிற்கும். உள்ளே அழுத்தினேன், ஓடியது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று மாடியிலிருந்து கீழே கடைக்கு இறங்கினேன். முதலாளி என்னை வாடிக்கையாளர் பக்கம் விடவே மாட்டார். காரணம் என் வாய். அன்றைக்கு அவர் இல்லை.

கடிகாரத்தைக் கொண்டுவந்தவர், அதைச் செய்யச் சொன்ன அம்மாவின் கணவர். இஸ்திரி கலையாத சட்டை, சவரம் செய்யாத முகம். நான் வாயைத் திறப்பதற்குள் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். மெல்லிசாகக் கத்தரித்து, ஓரிடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தது.

"மாஸ்டர், இந்த அளவுக்குச் சின்னதாக்கணும்."

"அதுக்கு ஒரு கண்ணிய எடுத்தாப் போதுமே. பத்து நிமிஷ வேலை. நின்னுடுச்சுன்னு எதுக்கு சார் பொய்?"

"கண்ணிய எடுக்கக் கூடாது. அவ எண்ணுவா."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மனைவிக்கு உடம்பு சரியில்லை. எட்டு மாதமாக வைத்தியம். வீட்டிலிருந்த எடை மெஷினைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டாளாம். கண்ணாடி பார்ப்பதில்லை. டாக்டர் பேச ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம்.

"வாட்ச் லூசாகாத வரைக்கும் நான் நல்லாத்தான் இருக்கேன், யாரும் எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்னுட்டா. மருந்து ஏறுற நேரமெல்லாம் இந்தக் கண்ணிய எண்ணிக்கிட்டே படுத்திருப்பா. இருபத்துநாலு இருக்கணும். லூசாவும் இருக்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "நாந்தான் திருகை இழுத்துவிட்டு, நின்னுடுச்சு, ரிப்பேருக்குக் குடுக்கிறேன்னு கழட்டி வாங்கிட்டு வந்தேன்."

திட்ட வந்தவன் காகிதத்தை வாங்கிக்கொண்டு மாடிக்குத் திரும்பினேன்.

எண்ணிக்கை குறையாமல் நீளம் குறைய வேண்டுமென்றால் ஒரே வழிதான். ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் குட்டையாக வேண்டும். கல்லைச் சுற்றி உள்ள தங்க விளிம்பில் இரண்டு முனையிலும் சேர்த்துக் கால் மில்லிமீட்டர் எடுத்தால், இருபத்துநாலு கண்ணிக்கு ஆறு மில்லிமீட்டர். சொல்வதற்கு சுலபம். சூடு பட்டால் நீலக்கல் நிறம் கெடும், அதனால் கல்லை எல்லாம் கழற்ற வேண்டும். கீலை அறுக்க வேண்டும், விளிம்பை அராவ வேண்டும், திரும்பப் பற்றவைக்க வேண்டும், மெருகேற்ற வேண்டும், அதே கல்லை அதே இடத்தில் பதிக்க வேண்டும். நாலு நாள் தலை நிமிரவில்லை. புதிதாகச் செய்தபோதுகூட இவ்வளவு பார்த்துச் செய்ததில்லை. முடித்ததும் பழைய போட்டோவை வைத்து ஒப்பிட்டேன். என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதத்தில் திரும்ப வந்தார். சீட்டில் 'நின்றுவிட்டது'. கையில் காகிதம். கோடு இன்னும் உள்ளே வந்திருந்தது. செய்து கொடுத்தேன். அடுத்த மாதமும் வந்தார். அதையும் செய்து கொடுத்தேன்.

மூன்றாவது தடவை வேலை முடிந்தபோது விளிம்பை அளந்து பார்த்தேன். கல்லைப் பிடித்து நிறுத்த எவ்வளவு தங்கம் வேண்டுமோ அவ்வளவுதான் மிச்சம். இனி அரம் பட்டால் கல் உதிரும். அவரிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. வீட்டில் சொன்னேன். "கண்டவன்கிட்டல்லாம் நறுக்குனு பேசுவீங்களே, இத சொல்ல மட்டும் வாய் வரலையாக்கும்" என்றாள் என் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "சொல்லாதீங்க" என்றாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலை அந்த அம்மாவே வந்துவிட்டார். டிரைவர் கையைப் பிடித்து மாடி ஏற்றிக்கொண்டு வந்து, என் எதிர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கீழே போனார். ஆறு வருடத்துக்கு முன்பு அளவு கொடுக்க வந்தபோது, என் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே உட்கார ஒரு நல்ல நாற்காலி இல்லையா என்று அதட்டியவர். அந்தக் குரல் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது.

"இன்னும் அதே நாற்காலிதானா?" என்றார்.

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. கடிகாரம் மணிக்கட்டில் இல்லை. முழங்கைக்குப் பாதி வழியில் ஏற்றி விட்டிருந்தார்.

"மூணு தடவை பண்ணிட்டீங்க, இல்ல?"

"என்னது மேடம்?"

"நடிக்காதீங்க. அது அவரோட வேலை." கையை என் விளக்குக்குக் கீழே வைத்தார். "முன்ன ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல என் கட்டைவிரல் நகம் போகும். அத வச்சுத்தான் எண்ணுவேன். மொதல் தடவை வந்தப்பவே நகம் இறுகுச்சு. இப்ப போறதே இல்ல."

நாலு நாள் தலை நிமிராமல் மறைத்ததை ஒரு நகம் கண்டுபிடித்துவிட்டது.

"மத்தியானம் நான் தூங்குறேன்னு நெனச்சுக் காகிதத்த வச்சு அளப்பாரு. நான் அசையாம கெடப்பேன். தூங்குற மாதிரி மூச்சு விடுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அப்புறம் உங்ககிட்டேருந்து வாங்கிட்டு வந்து, எனக்கு மாட்டிவிட்டு, பாத்தியா, அப்படியே இருக்குன்னு சொல்வாரு. அன்னைக்கு ஒரு நாள் நல்லா சாப்பிடுவாரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அதான் வந்தேன். அடுத்த தடவை வந்தா முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும்னும் சொல்லிடாதீங்க."

உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "அம்மா, இதுக்கு மேல எடுக்கத் தங்கம் இல்ல. கல்லுதான் இருக்கு."

மேடம் என்று சொல்லவில்லை, அம்மா என்று சொல்லிவிட்டேன் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

"அது உங்க கவலை" என்று எழுந்தார். "ஏதாவது பண்ணுங்க மாஸ்டர்."

பத்தாம் நாள் கணவர் வந்தார். அதே சீட்டு, புதுக் காகிதம். ஏழு மில்லிமீட்டர் குறைய வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

கடிகாரத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லைச் சின்னதாக வெட்டலாமா என்று கல் வெட்டுபவரிடம் ஓடினேன். இருபத்துநாலையும் ஒரே அளவில் வெட்டி மெருகு போட மூன்று மாதம் என்றார். சின்னக் கல் வைத்துப் புதிதாகச் செய்தால் ஐந்து மாதம். கொக்கியில் குறைக்கலாமா என்று பார்த்தேன், அங்கே ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. அரத்தை எடுத்தேன், கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். முப்பது வருடமாக இந்தக் கையை நம்பித்தான் எல்லாரிடமும் எகிறிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

வியாழக்கிழமை ஒரு கண்ணியையும் தொடாமல், திருகை மட்டும் உள்ளே அழுத்தி, மெருகுத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நானே கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கொக்கியை மாட்டிக் கடிகாரத்தை வளையமாக மேஜையில் வைத்தார். பிறகு காகிதத்தை எடுத்து, கோட்டோடு முனையைச் சேர்த்து வளைத்து, அதற்குள்ளே இறக்கினார். காகிதம் எந்தப் பக்கமும் படாமல் நடுவில் நின்றது. சுற்றிலும் இடைவெளி.

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காகிதத்தை மெல்ல வெளியே எடுத்தார்.

"சரியா இருக்கு மாஸ்டர்" என்றார்.

"ஆமா சார்."

"அவளுக்கு வித்தியாசமே தெரியாது."

"தெரியாது சார்."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து மூடினார். வாசல் வரை போனவர் கதவில் கை வைத்தபடி திரும்பினார்.

"அடுத்த மாசமும் கொண்டு வரேன். பண்ணித் தருவீங்கல்ல?"

"கொண்டு வாங்க சார்" என்றேன்.