நீலக் குடையின் இரண்டாம் பக்கம்

மகள் கவியா செல்போனில் அனுப்பியிருந்த படத்தைப் பவுனம்மாளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நீலக் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண். மேலே கொட்டை எழுத்தில் ‘நீலக் குடை’. கீழே, ‘பாடியவர்: ஷர்மிளா’. அந்த ஷர்மிளா தான்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பவுனம்மாள் என்ற பெயரில் பாப் கேசட் போட்டால் எவன் வாங்குவான் என்று கேட்ட கம்பெனிக்காரர், அவராகவே ஒரு பெயர் வைத்தார். அந்தக் குடையும் அவர் வீட்டுக் குடைதான். படம் எடுத்து முடித்ததும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பழைய தமிழ் பாப் கேசட்டுகளைத் தேடிச் சேர்க்கிற யாரோ அந்த அட்டையை இணையத்தில் போட்டிருந்தார்கள். அடியில் ஒரு வரி: அட்டை மட்டும்தான் கிடைத்தது, கேசட் யாரிடமாவது இருக்கிறதா?

படம் வந்த மூன்றாவது நிமிஷம் சென்னையிலிருந்து மகளே போனில் வந்துவிட்டாள்.

“ஏம்மா, கச்சேரில பாடுனேன்னுதானே சொன்ன? தனி ஆல்பமே போட்டிருக்க! ஒரு காப்பிகூடவா நம்மகிட்ட இல்ல?”

“இல்லடி.”

“எனக்கு உன் குரலக் கேக்கணும்மா. ஒரே ஒரு தடவ.”

பெற்ற மகள் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டதில் தப்பில்லை. கவியா பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே பவுனம்மாளின் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கத்தி வைத்தார். போயிற்று. மிஞ்சியது காய்ந்த இலையை மிதிக்கிற சத்தம். அதை வைத்துக்கொண்டு யாருக்குத் தாலாட்டுப் பாடுவது? கவியா டிவி சத்தத்தில் தூங்கிப் பழகியவள்.

தொண்ணூற்றேழில் வந்த கேசட் அது. பக்கத்துக்கு நான்காக எட்டுப் பாட்டு. விற்காமல் திரும்பி வந்ததை அழித்துவிட்டு அதன்மேல் சாமி பாட்டு ஏற்றிக்கொள்வார் அந்தக் கம்பெனிக்காரர். ஷர்மிளா ஆறே மாதத்தில் சாமி பாட்டாகிவிட்டாள். பவுனம்மாள் கைக்கு வந்த இருபதும் சொந்தக்காரர்கள் வீடுகளில் காணாமல் போயின. கடைசியாக மிஞ்சிய இரண்டை ஆபரேஷன் முடிந்து வந்த வருஷம் பழைய பேப்பர்காரனிடம் போட்டது வேறு யாருமில்லை, அவளேதான். வேண்டாம் என்று வீட்டுக்காரர் தடுத்துப் பார்த்தார். கேட்டாளா? கேட்கவில்லை. அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டிகளைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது வயது ஐம்பத்து மூன்று. காரைக்காலில் ஜாக்கெட் தைத்துக் காலம் தள்ளுகிறாள். தையல் மிஷினுக்குக் குரல் தேவையில்லை. மகள் கேட்ட பிறகுதான் தனக்கும் அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்த பிறகு சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் யோசித்ததில் காசியம்மா அண்ணி நினைவுக்கு வந்தாள். பிறந்த ஊரான விழிதியூரில் ஒரே தெருக்காரர் செல்லையன் அண்ணனின் மனைவி. அண்ணன் அப்போது சவூதியில் இருந்தார். ‘நம்ம தெருப் பிள்ளை பாடினதை அனுப்பு’ என்று கடிதம் போட்டிருந்தார். அண்ணி வந்து ஒரு கேசட்டை வாங்கிப்போய், பிரித்துக்கூடப் பார்க்காமல் அங்கே போகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். அடுத்த வருஷம் சித்திரையில் அண்ணன் அங்கேயே நெஞ்சு வலியில் இறந்துபோனார். அடக்கமும் அங்கேயே நடந்துவிட்டது. கேசட் என்ன ஆயிற்றென்று யார் கேட்பார்கள்?

ரேடியோ ரிப்பேர்க் கடை பஞ்சநாதனிடம் ஒரு பழைய டேப் ரிக்கார்டரை இரவல் கேட்டாள். அவர் உள்ளே பெல்ட் மாற்றிக் கொடுத்து, “பழைய நாடான்னா ஒரு தடவதான் தாங்கும்க்கா. ஓடுறப்பவே செல்லுல பதிஞ்சு வச்சுக்குங்க” என்றார்.

விழிதியூர் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. காசியம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“இருக்கு பவுனு. ஆனா அதுல உன் பாட்டு இருக்கான்னு எனக்குத் தெரியாது.”

“என்ன அண்ணி சொல்றீங்க?”

“அவரு அது மேலயே பேசி அனுப்பிட்டாரு. வெறும் கேசட்டு கெடைக்கலையாம். உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நானும் பாதிதான் கேட்டேன். ஒரே நாள்ல கேட்டுத் தீத்துட்டா அப்பறம் என்ன இருக்கு? மீதிய வெள்ளிக்கிழமை கேப்போம்னு எடுத்து வச்சேன். வியாழக்கிழமை சேதி வந்துருச்சு.”

“அதுக்கப்பறம் கேக்கவே இல்லையா?”

“எப்புடி கேப்பேன்? அந்தப் பாதியையும் கேட்டுட்டா அவரு பேசி முடிச்சுருவாரே!”

பவுனம்மாள் டேப் ரிக்கார்டரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் கால் நகரவில்லை. கூச்சமாகத்தான் இருந்தது, இருந்தும் கேட்டாள்.

“ரெண்டாவது பக்கத்துல என் பாட்டு அப்படியே இருந்தாலும் இருக்கும் அண்ணி. செல்லுல பதிஞ்சுட்டா அண்ணன் குரலும் அழியாம இருக்கும்.”

காசியம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மஞ்சள் துணி, அதற்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் கேசட்.

பவுனம்மாள் முதலில் கேசட்டின் முதுகைத்தான் திருப்பிப் பார்த்தாள். பாட்டுக் கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை இருக்கும், யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாதென்று. ஓட்டையை அடைத்தால்தான் அதன்மேல் பேச முடியும். செல்லையன் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி ஒட்டியிருந்தார். ஒரு ஓட்டையில் இல்லை, இரண்டிலும்.

ஒருவேளை ஒட்டிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் பேசாமலும் விட்டிருக்கலாம். இப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் செல்போனைப் பதிய வைத்துவிட்டு டேப் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தினாள்.

இரைச்சல். பிறகு ஒரு இருமல்.

“காசி, நான்தான் பேசுறேன். சுந்தரமூர்த்தி நாளைக்கே ஊருக்குக் கெளம்புறான், கடைக்குப் போவ வண்டி இல்ல. அதான் பவுனு கேசட்டுலயே பேசுறேன். அதுகிட்ட சொல்லிராத, கோச்சுக்கும். நான் வந்து அதுகிட்டயே இன்னொன்னு வாங்கிக்கிறேன்.”

காசியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பவுனம்மாளுக்குக் கோபம் வந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனுஷன் மேல் கோபம்! இன்னொன்று எங்கே இருக்கிறது அண்ணே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அண்ணன் பாட்டுக்கு மாட்டைப் பற்றியும், கூரைக்குப் போட வேண்டிய ஓடுகளைப் பற்றியும், வைகாசியில் அம்பகரத்தூர் திருவிழாவுக்கு எப்படியும் வந்துவிடுவதைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார்.

“இதுவரைக்கும்தான் கேட்டேன்” என்றாள் காசியம்மா.

அதற்கு மேல் வந்தது இரண்டு பேருக்குமே புதிது.

“பவுனு பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம் காசி. ராத்திரி எல்லாரும் படுத்த பெறவு போட்டுக் கேப்பேன். நீ கேட்டியோ இல்லையோ, அந்தக் குடைப் பாட்டு, அது உனக்குன்னே எழுதுனது. இரு, பாடிக் காட்டுறேன்.”

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

*நீலக் குடை பிடிச்சு நிக்கிறேன்*
*நீ வர்ற பஸ்ஸு எது?*

சுருதி எங்கேயோ, அவர் எங்கேயோ. அந்த ‘எது’வில் குரல் மேலே ஏறி நிற்க வேண்டும். அந்த ஒரு இடத்துக்காகப் பவுனம்மாள் பதினோரு தடவை பாடினாள். பன்னிரண்டாவது தடவைதான் ரிக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். செல்லையன் அங்கே ஏறவே இல்லை, நேராக இறங்கிவிட்டார். ஆனால் வார்த்தை ஒன்றும் தப்பவில்லை. அவளே மறந்துபோன இரண்டாவது சரணம் முழுசும் அவருக்கு நினைவிருந்தது.

ஏ பக்கம் முடிந்தது. பவுனம்மாள் கேசட்டைத் திருப்பிப் போட்டாள். எட்டாவது பாட்டு மட்டுமாவது இருக்கட்டும். கடைசி ஒரு நிமிஷமாவது இருக்கட்டும்.

“அவ்வளவுதான் காசி. ஒடம்பப் பாத்துக்க. இன்னும் என்னமோ சொல்லணும்னு வந்துச்சு, யோசிச்சு சொல்றேன், இரு.”

யோசித்தார். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. பின்னால் ஏதோ ஒரு மிஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. பகல் முழுக்க வெயிலில் கல் தூக்கிய மனுஷன். பதிகிற பொத்தானை நிறுத்தாமலே தூங்கிப்போயிருக்கிறார்.

“அய்யோ, அவரு கொறட்ட!” காசியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “இதேதான் பவுனு. இந்த ரெண்டாவது இழுப்புல ஒரு விசில் வரும் பாரு. வருதா?”

வந்தது. அந்த விசிலுக்கு அடியில்தான் ஐந்தாவது பாட்டு அழிந்து கிடந்தது. அதன்பிறகு ஆறாவது, ஏழாவது. எந்த இடத்தில் எந்தப் பாட்டு முடியும் என்று அவளுக்குத் தெரியும். நாடாவின் சின்ன ஜன்னலைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகப் போவதை எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவது தொடங்க வேண்டிய இடத்தில் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாள். குறட்டைதான். பொத்தான் தானாகத் துள்ளி எழும்பும்வரை குறட்டைதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. நம்பிக்கொண்டு வந்தோமே என்று வெட்கமாக இருந்தது. செல்போனில் கவியாவின் செய்தி வந்து நின்றது: கெடச்சுதாம்மா?

காசியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. இனி மிச்சம் வைத்துக் கேட்க அவளுக்கும் எதுவுமில்லை.

“பவுனு, உன் பாட்ட நான் ஒரு தடவகூட கேட்டதில்ல. வாங்குன கையோட அவருக்கு அனுப்பிட்டேன். அவரு பாடுனாரே... நீ பாடுனதும் அப்புடித்தான் இருக்குமா?”

பவுனம்மாள் பதினோரு தடவைகளையும் நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவதையும் நினைத்துக்கொண்டாள்.

“அப்படியேதான் அண்ணி” என்றது அந்தக் காய்ந்த குரல். “ஒரு எடத்துலகூட தப்பல.”