ஞாயிற்றுக்கிழமைத் தூரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைச் சுற்றிக் காட்டுகிற ஆளை நம்பவே கூடாது. அன்றைக்கு எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். சாலை காலியாகக் கிடக்கும், கடைகள் கதவைச் சாத்திக்கொண்டு சாதுவாக நிற்கும், ஹாரன் அடிக்கிறவன் எல்லாம் போர்வைக்குள் இருப்பான். விருந்தாளி வந்த அன்றைக்கு மாமியாரும் மருமகளும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மூத்தார் தன் காரில் தம்பியையும் தம்பி மனைவியையும் ஏற்றிக்கொண்டு, தன் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிக் காட்டினார். தம்பி மனைவி நர்ஸ். வழியெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தாள். இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. மூத்தார் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியாம்மா? தூரம் தூரம்னு என்னமோ பயந்தியே. ஒரு கொட்டாவி விடறதுக்குள்ள வந்துட்டோம்."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பதினெட்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறவள். டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே கேட்கப்போகிற கத்தரியை எடுத்து வைத்திருப்பாள். பழைய ஊரில் தலைமை நர்ஸ் பதவி இரண்டு தடவை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிற்று. இந்தப் புது ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன் தியேட்டருக்கே அவளைத் தலைமை நர்ஸாகக் கூப்பிட்டிருந்தார்கள். மேட்ரன் வைத்தது ஒரே நிபந்தனை. எந்த நேரம் கூப்பிட்டாலும் அரை மணிக்குள் கை கழுவிக்கொண்டு தியேட்டரில் நிற்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. முதல் மாதத்திலேயே சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் பொய்யாகக் கூப்பிட்டுப் பார்ப்பாராம்.

"அன்னிக்கு லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுடுவேன்மா, கோவிச்சுக்கக் கூடாது" என்று மேட்ரன் சிரித்துக்கொண்டே சொன்னார். "புதன்கிழமை காலையில வீடு எங்கன்னு சொல்லிடு. அதுவரைக்கும் ஹாஸ்டல்ல ஒரு ரூம் தரேன்."

நர்ஸே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு, டயர் கடைக்கு மேலே மாடி. மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம். கீழே காற்றடிக்கிற எந்திரம் அவ்வப்போது பெரிய மனிதர் ஏப்பம் விடுவதுபோல் சத்தம் போட்டது. பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ரோட்டை நம்பி, காரை நம்பி, கொண்டுவந்து விடுகிறவனை நம்பி வாழ வேண்டாம்.

அவள் கணவன் மூன்று நான்கு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறவன். ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் இருந்தால் அவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான். இந்த ஊருக்கு வந்ததே அவள் வேலைக்காக. ஆனால் எந்த ஏரியா என்ற பேச்சு வந்ததும் முடிவெடுத்தது யார்? ஊரிலேயே இருக்கிற அண்ணன்.

"டயர் கடைக்கு மேலயா? நாலு பேருக்கு எப்படிம்மா அட்ரஸ் சொல்றது? ஏரியான்னா ஒரு கௌரவம் வேணாமா?" என்று மூத்தார் போனிலேயே நொந்துகொண்டார். "நம்ம பக்கத்து வீடு காலியாகுது. என் சிநேகிதன் வீடுதான். மரம், செடி, காத்து. நீ பாவம், நாள் முழுக்க நின்னுட்டு வர்றே. வந்தா நிம்மதியா காலை நீட்ட வேணாமா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அப்போதே அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் பேசுகிறவர்களிடம் இதுதான் கஷ்டம், பழம் இனிக்கிறவரைக்கும் ஊசி தெரியாது.

"அண்ணன் ஆசையா சொல்றார். வேணாம்னா கோச்சுக்குவார்" என்றான் கணவன்.

"எனக்குக் கோவம் வராதா?"

"உனக்கு வந்தா எனக்குத் தெரியும். அவருக்கு வந்தா ஊருக்கே தெரியும்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிகிற நேரத்துக்கு அண்ணனும் தம்பியும் காரோடு வந்து நின்றார்கள். வீட்டுச் சாவி வாங்கியாயிற்று, வந்து பார் என்றார்கள். அவள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"மாமா, இன்னிக்கும் நேரம் பாக்கறேன். அங்கிருந்து இங்க வர்றதும் இங்கிருந்து அங்க போறதும் ஒண்ணுதானே."

"பாரு பாரு, தாராளமா பாரு" என்றார் மூத்தார்.

நாலைந்து தெரு தாண்டியதும் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேட்டைத் தாண்டியதாகவே அவளுக்கு ஞாபகமில்லை. திறந்து கிடக்கிற கதவை யார் பார்க்கிறார்கள்?

மூத்தார் பதறவில்லை. எஞ்சினை அணைத்தார். சீட்டைப் பின்னால் சாய்த்தார். காலடியிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்துக் கழுத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டார். வண்டிகளுக்கு நடுவில் வேர்க்கடலைக் கூடையோடு வந்த ஒரு ஆள், கேட்காமலே ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"என்ன சார், இன்னிக்குத் தனியா வரலையா?"

நர்ஸ் அந்தத் தலையணையைப் பார்த்தாள். நடுவில் தலை பதிந்து பதிந்து குழி விழுந்திருந்தது.

"தினமும் இப்படித்தானா மாமா?"

"தினமும்னு சொல்ல முடியாதும்மா. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். சரக்கு வண்டி வந்தா ரெண்டு மூணு சேத்து விடுவான். ஞாயித்துக்கிழமை சரக்கு வண்டி இல்ல. பழகிரும்."

"எனக்குப் பழகிரும். அங்க நெஞ்சைத் திறந்து படுக்கவெச்சிருக்கிற ஆளுக்குப் பழகுமா?"

"உன்னை விட்டா வேற நர்ஸே இல்லையா அந்த ஆஸ்பத்திரியில? போகாத ஊருக்கு வழி சொன்ன மாதிரி பேசாதேம்மா. கடலை எடுத்துக்க."

அவள் எடுத்துக்கொள்ளவில்லை. முன்சீட்டில் கணவன் கடலையை உரித்துக்கொண்டிருந்தான். உரித்த தோலை எங்கே போடுவது என்பதுதான் அப்போது அவனுக்கு இருந்த ஒரே கவலை. அவன் பின்தலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்தில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு இரும்பு நடைபாலம். காலில் நம்பிக்கை இருக்கிற ஜனங்கள் மளமளவென்று ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டைத் தூக்கியபோது அவளுடைய அரை மணி அங்கேயே செத்துக் கிடந்தது.

தெரியாமல் பார்த்துக் கொடுத்த வீடு என்றால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தெரிந்தே ஏமாற்றியிருக்கிறார்கள். மூத்தார் வீட்டில் இருக்கிற மாமியாரைப் போய் ஒருதடவை பார்த்துவிட்டு, இந்த வீடு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவுசெய்துகொண்டாள். விஷயம் கேட்டோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

ஏரியா நன்றாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. அங்கே நாய்கள்கூட மெதுவாகத்தான் குரைத்தன. மூத்தாரின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, வாசலிலேயே நின்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில்சுவரில் ஆள் புகும் அளவுக்கு ஒரு வழி உடைத்திருந்தது. ஓரத்தில் சிமெண்ட் ஈரம்கூடக் காயவில்லை.

"இது எதுக்குக்கா?"

"நீ வாசலைச் சுத்திக்கிட்டு வர வேணாம் பாரு. அவசரத்துக்கு அப்படியே இப்படி வந்துரலாம்."

என்ன அவசரம் என்று அவள் கேட்கவில்லை. மூத்தார் முன்னால் போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தார். ஒரு எலக்ட்ரீஷியன் ஸ்டூல்மேல் நின்று கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைமாட்டில், இடது பக்கத்தில், புத்தம் புதிதாக ஒரு மணி. பள்ளிக்கூடத்துக்கு வைக்கலாம், அவ்வளவு பெரிசு.

"அம்மா கட்டில்ல ஒரு ஸ்விட்ச். அமுக்கினா இங்க அடிக்கும்" என்றார் மூத்தார். ஏதோ பாலம் கட்டித் திறந்துவைக்கிற முகம். "இடுப்பு எலும்பு உடைஞ்சதிலிருந்து அவங்களால எழுந்திரிக்க முடியல. ராத்திரி நாலு தடவை கூப்பிடறாங்க. நர்ஸ் வெச்சா என்ன கேக்கறாங்க தெரியுமா? நமக்குத்தான் வீட்டுலயே நர்ஸ் இருக்கே!"

நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான். மரமும் செடியும் காற்றும் கௌரவமும், பாவம் காலை நீட்ட வேண்டாமா என்ற கரிசனமும், எல்லாம் இந்த மணியில் வந்து முடிந்தது. ஆனால் அவள் கண் மணியைப் பார்க்கவில்லை. அது இருந்த பக்கத்தைப் பார்த்தது.

"இதை ஏன் இடது பக்கம் வெச்சீங்க?"

"நீ அந்தப் பக்கம்தானே படுப்பே? தம்பிதான் சொன்னான். காதுக்குப் பக்கத்துல இருந்தாத்தான் எழுந்திரிப்பேன்னு."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"அண்ணன் கேட்டாரு... சொன்னேன். அம்மாதானே" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இடது பக்கம்தான். தூக்கத்தில் போன் வந்தால் அவன் எழுந்துவிடக் கூடாதே என்று கதவோரப் பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். அந்த நல்ல எண்ணத்தையே கொண்டுபோய் அளவு கொடுத்திருக்கிறான், தையல்காரனிடம் கொடுப்பதுபோல.

"இதோ பாரு," என்றாள் ஓரகத்தி, குரல் உடைந்து. "நான் மூணு வருஷமா பாத்துட்டேன். ராத்திரித் தூக்கம்னா என்னன்னே மறந்துபோச்சு. இனிமே என்னால ஆகாது."

நர்ஸுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பே சொன்னது, பொய்யில்லை என்று. "உங்களால ஆகாதுதான்க்கா. பெத்த பிள்ளைங்க ரெண்டு பேர் குத்துக்கல்லு மாதிரி நிக்கறாங்களே, அவங்க காதுல ஏன் இந்த மணியை வைக்கல?"

"நமக்கு அதெல்லாம் என்ன தெரியும்?" என்றார் மூத்தார். "நீ படிச்சவ. அதுக்குன்னே படிச்சவ."

அப்போது மணி அடித்தது.

சுவரே அதிர்கிற மாதிரி அடித்தது. நான்கு பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். எலக்ட்ரீஷியன்கூட அவளைத்தான் பார்த்தார். அதைவிடக் கொடுமை, அவள் கால் தானாக வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. மணி அடித்தால் ஓடிப் பழகிய கால்கள். அந்தக் கால்கள்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மணி அடிக்குது. உங்கம்மா கூப்பிடறாங்க. போங்க" என்றாள் கணவனிடம்.

"எனக்கு என்ன செய்யணும்னு தெரியாதே."

"என்ன வேணும்னு கேளுங்க. வாய் இருக்குல்ல?"

மணி விடாமல் அடித்தது. அவன் அண்ணனைப் பார்த்தான், அண்ணன் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார், எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூவைப் பார்த்தார். கடைசியில் கணவன் போனான். உடைத்த மதில்வழியில் குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மணி நின்றது. கொஞ்ச நேரத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"என்னவாம்?"

"ஃபேனைக் குறைக்கச் சொன்னாங்க."

"குறைச்சீங்களா?"

"குறைச்சேன்."

"இதுக்குத்தான் என்னை அதுக்குன்னே படிச்சவங்கறாரா உங்க அண்ணன்?" அவள் குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டுவிட்டாள். "பதினெட்டு வருஷம் நின்னு நின்னு என் கால் நரம்பு சுருண்டு கிடக்கு. அந்தக் காலால நான் ஏறி வந்த வேலை இது. நாளைக்கு மேட்ரன் கூப்பிடும்போது நான் ரயில்வே கேட்டுல கடலை உரிச்சிட்டு உக்காந்திருப்பேன். வேலை போகும். அப்புறம் என்ன, முழு நேரமும் இந்த மணிக்கே ஓடலாம். நல்லா யோசிச்சிருக்கீங்க!"

"குடும்பம்னா விட்டுக்கொடுக்கணும்மா" என்று ஆரம்பித்தார் மூத்தார்.

"கொடுங்க மாமா. நீங்க ஒருதடவை கொடுங்க, எப்படி இருக்குன்னு பாக்கலாம்." அவள் எலக்ட்ரீஷியனிடம் திரும்பினாள். "அண்ணே, இந்த மணியைக் கழட்டி வலது பக்கம் மாத்துங்க. என் வீட்டுக்காரர் வலது பக்கம்தான் படுப்பார். வீட்ல இருந்தே வேலை, எங்கேயும் ஓட வேணாம். அம்மா பக்கத்துலயே இருக்கட்டும்."

எலக்ட்ரீஷியன் மூத்தாரைப் பார்த்தார். ஓரகத்தி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு வலது பக்கம் போட்டாள்.

"நீ எங்க போறே?" என்றான் கணவன்.

"டயர் கடைக்கு மேல. அந்த வீட்டுக்காரருக்கு இப்பவே போன் பண்ணிடுவேன். உங்களுக்கும் அங்க இடம் இருக்கு. ஆனா உங்க அம்மாவுக்கு என்ன ஏற்பாடுன்னு அண்ணனும் தம்பியும் உக்காந்து முடிவு பண்ணிட்டு அப்புறம் வாங்க. அத்தையை நான் என் லீவு நாள்ல வந்து பாக்கறேன். மருமகளா வருவேன். டியூட்டிக்கு வரமாட்டேன்."

மாமியார் அறைக்குப் போய்க் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசினாள். முதுகுப் பக்கம் புண் வைத்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. ஓரகத்தி நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள். அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வாசல் வழியாகவே வெளியே வந்தாள். தெருமுனை திரும்புவதற்குள் மணி இன்னொரு தடவை அடிப்பது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் அவளைக் கேட் வரைக்கும்தான் கொண்டுவந்தது, கேட் மறுபடியும் மூடியிருந்தது. இறங்கி இரும்பு நடைபாலத்தில் ஏறினாள். டயர் கடை வீட்டுக்காரர் போனில், "வாங்கம்மா, சாவி கடையிலயே கொடுத்து வெக்கறேன்" என்றார். பாலத்தின் அடுத்த பக்கம் இறங்கும்போது வேர்க்கடலைக்காரன் எதிரே வந்தான், அடையாளம் கண்டுகொண்டான்.

"என்னம்மா, தனியா போறீங்க? சார் வரலையா?"

"இல்ல," என்றாள் அவள். "சாருக்கு வீட்ல வேலை வந்திருச்சு."